சபை தெருவுக்குள் போவது எப்படி?

ஒரு வரைபடம் எடுத்து, ஆலயத்தை நடுவில் வைத்து, பத்து நிமிட நடை தூரத்துக்கு, அதாவது சுமார் 800 மீட்டருக்கு, ஒரு வட்டம் போடுங்கள். ஞாயிறு ஆராதனைக்கு வருகிறவர்களில் எத்தனை குடும்பம் அந்த வட்டத்துக்குள் குடியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நாங்கள் எண்ணியபோது ஒரு கை விரலே போதுமாக இருந்தது. மற்றவர்கள் எல்லாம் வண்டியில் வந்து, பாடி, ஜெபித்து, வண்டியில் திரும்பிப் போகிறவர்கள். தெருக்காரர்களைப் பொறுத்தவரை நாங்கள் வாரம் ஒருமுறை வழியை அடைக்கிற கூட்டம், அவ்வளவுதான்.

அதனால் ஊழியம், திட்டம் என்று கிளம்புவதற்கு முன்னால் நம்மால் ஆகிற தொந்தரவை நிறுத்த வேண்டும். ஒரு ஞாயிறு உள்ளே உட்காராமல், ஆராதனை நடக்கும்போதே வெளியே வந்து பக்கத்து வீட்டு வாசலில் கால் மணி நேரம் நில்லுங்கள். ஸ்பீக்கர் யார் ஜன்னலைப் பார்த்து இருக்கிறது, எந்த வீட்டு கேட்டை மறித்து கார் நிற்கிறது என்பதெல்லாம் அங்கே நின்றால்தான் தெரியும். நான் நின்ற அன்று எதிர்வீட்டுப் பெரியவர் கையில் மருந்துச் சீட்டோடு, வண்டியை வெளியே எடுக்க வழியில்லாமல் நின்றுகொண்டிருந்தார். திட்டவில்லை. “முடிய இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் தம்பி?” என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால்கூட இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது. அடுத்த வாரத்திலிருந்து, வண்டிகளை ஒழுங்காக நிறுத்தச் சொல்ல வாசலில் இரண்டு வாலிபர்கள் நிற்கிறார்கள், ஸ்பீக்கரும் உள்பக்கம் திரும்பிவிட்டது.

அப்புறம் நடங்கள். வேதாகமத்தில், எருசலேமின் மதிலைத் திரும்பக் கட்ட வந்த நெகேமியா, வந்ததும் கூட்டம் போடவில்லை. மூன்று நாள் இருந்துவிட்டு, ராத்திரியில் சிலரை மட்டும் கூட்டிக்கொண்டு போய் இடிந்த அந்த மதிலைப் பார்த்தார், அதுவரை யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. நாமோ கமிட்டியில் முடிவெடுத்து, பேனர் அடித்த பிறகுதான் தெருவையே பார்க்கிறோம். ஒரே தெருவைக் காலையில், பள்ளி விடும் நேரத்தில், இரவில் என்று சில வாரம் நடந்து பாருங்கள். பேச்சு கொடுக்கும்போது எடுத்த எடுப்பில் “உங்களுக்கு என்ன உதவி வேண்டும்?” என்று கேட்காதீர்கள், எதிரில் இருப்பவரை அது ஏழையாக்கிவிடும். “இங்கே ஏதாவது ஆகிவிட்டால் முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டுவீர்கள்?” என்று கேளுங்கள். ஒரு பகுதியின் குறைகளை விட்டுவிட்டு அங்கே ஏற்கெனவே இருக்கும் பலத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று அமெரிக்க சமூக ஆய்வாளர்கள் ஜான் கிரெட்ஸ்மனும் ஜான் மெக்நைட்டும் 1993-இல் எழுதியது இதைத்தான். இரண்டு மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். அவர்களைத் தேடிப் போய்ப் பழகுங்கள்.

ஏதாவது செய்யத் தோன்றினால், யாருக்காகச் செய்கிறீர்களோ அவர்களையே கேட்டுவிடுங்கள். பார்வையற்ற பர்திமேயுவிடம்கூட இயேசு, நான் உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் செய்தார். நாங்கள் கேட்காமல் இலவச டியூஷன் ஆரம்பித்தோம், இரண்டு பிள்ளைகள் வந்தார்கள், அதில் ஒன்று போதகர் வீட்டுப் பிள்ளை. பிறகு விசாரித்தால், பிள்ளைகளுக்கு வேண்டியிருந்தது ஆசிரியர் இல்லை, இரவில் சத்தமில்லாமல் உட்கார்ந்து படிக்க ஒரு வெளிச்சமான அறை. அது வாரத்தில் ஆறு நாள் பூட்டியே கிடக்கும் எங்கள் ஹாலில் இருந்தது!

ஹாலைத் திறந்தால் சில விதிகளை எழுதியே வைத்துவிடுங்கள்: யார் பூட்டுவது, யார் பெருக்குவது. பிள்ளைகள் இருக்கும் இடத்தில் பெரியவர் ஒருவர் தனியாக இருக்கக் கூடாது, எப்போதும் இரண்டு பேர், கதவு திறந்தே இருக்கட்டும். சபை மூப்பராக இருந்தாலும் இதில் விலக்கு கிடையாது.

எல்லாவற்றையும் நாமே நடத்த வேண்டும் என்றும் இல்லை. லூக்கா சுவிசேஷம் 10-ஆம் அதிகாரத்தில் இயேசு அனுப்பியவர்கள் விருந்தாளிகளாகத்தான் போனார்கள். வைப்பதைச் சாப்பிடுங்கள், வீட்டுக்கு வீடு மாறாதீர்கள் என்றுதான் அவர்களுக்குச் சொல்லப்பட்டது. குடியிருப்போர் கூட்டம் நடந்தால் போய்க் கடைசி வரிசையில் உட்காருங்கள், மைக்கைக் கேட்காதீர்கள். சாக்கடை அடைப்பு எடுக்க ஆள் வேண்டுமென்றால் சபை பெயர் போட்ட பனியன் இல்லாமல் போங்கள். உதவிப் பையில் சுவிசேஷக் கைப்பிரதியைச் செருகுவது, வாங்குகிறவரோடு போட்டோ எடுப்பது, இரண்டும் வேண்டாம். அதற்காக நாம் யார் என்பதை மறைக்கவும் வேண்டாம். ஏன் செய்கிறீர்கள் என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள், கேட்காவிட்டால் வேலையைப் பாருங்கள்.

இதெல்லாம் மாதக் கணக்கில் முடிகிற விஷயமில்லை, நடுவில் போதகர் மாறினால் நின்றும் போகும். அதனால் பொறுப்பை வட்டத்துக்குள் குடியிருக்கிறவர்களிடமே கொடுங்கள், அவர்கள் சபையில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எங்கள் ஹாலின் மூன்றாவது சாவி இப்போது எதிர்வீட்டுப் பெரியவரிடம் இருக்கிறது. அவர் ஆராதனைக்கு வருவதில்லை, ஆனால் விளக்கை அணைக்காமல் போனால் இரவு பத்து மணிக்குப் போன் போட்டுத் திட்டுகிறார்.