எலக்ட்ரானில் முதல் செயலி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் மூன்றும் தெரிந்த ஒருவர், வலைநுட்பங்களைக் கொண்டு கணினிச் செயலிகளை உருவாக்க உதவும் எலக்ட்ரானின் துணையோடு ஒரு சிறிய குறிப்பேட்டுச் செயலியை ஒரே நாளில் இயக்கிப் பார்த்துவிடலாம். ஆனால் உலாவியில் திறக்கும் பக்கத்தால் கணினியின் கோப்புகளை இஷ்டத்துக்குத் தொட முடியாது. எலக்ட்ரானிலோ குரோமியம் என்ற உலாவியுடன், கணினியின் கோப்புகளைக் கையாளக்கூடிய நோட்.ஜேஎஸ்ஸும் சேர்ந்தே வருவதால், நாம் கதவைத் திறந்துவிட்டால் பக்கம் எதையும் தொடும்.

பலரும் செய்யும் மிகப் பெரிய தவறு இங்கேதான் நிகழ்கிறது. பக்கத்தின் நிரலில், நூலகங்களை ஏற்றும் 'ரெக்வயர்' வேலை செய்யவில்லை என்றதும், பழைய பாடம் ஒன்றைப் பார்த்து பக்கத்துக்கு நோட்.ஜேஎஸ்ஸைத் திறந்துவிடும் நோட்இன்டக்ரேஷனை இயக்கி, பக்கத்தின் நிரலைத் தனியே பிரித்துவைக்கும் கான்டெக்ஸ்ட்ஐசொலேஷனை அணைத்துவிடுகிறார்கள். பிழைச்செய்தி மறைந்துவிடும், ஆபத்து அப்போதுதான் உள்ளே வருகிறது. பயனர் எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டிய குறிப்பை இன்னர்எச்டிஎம்எல் வழியாகக் காட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒளிந்திருக்கும் ஒரு படக் குறிச்சொல்லின் 'ஆன்எரர்' நிரல், வலைத்தளமாக இருந்தால் அந்தத் தளத்தின் எல்லைக்குள் நின்றிருக்கும். இங்கே அது பயனரின் கோப்புகளையே அழிக்கக்கூடும். 2019இல் வந்த 5ஆம் பதிப்பிலிருந்து முதல் அமைப்பும், 2021இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து இரண்டாவதும் இயல்பாகவே பாதுகாப்பான நிலையில் இருப்பதற்குக் காரணம் இதுதான். அவற்றை மாற்றவே வேண்டாம். பக்கத்தின் நிரலுக்கு முன்பே ஓடும் பிரீலோட் கோப்பில், பக்கத்துக்குப் பாலமாக இருக்கும் கான்டெக்ஸ்ட்பிரிட்ஜைக் கொண்டு 'குறிப்பைச் சேமி', 'குறிப்பைத் திற' என்ற இரண்டு செயற்கூறுகளை மட்டும் பக்கத்துக்குக் கொடுங்கள். சாளரங்களை நடத்தும் முதன்மைச் செயல்முறைக்குச் செய்தி அனுப்பும் ஐபிசிரெண்டரர் முழுவதையும் தூக்கிக் கொடுப்பது, பூட்டைப் போட்டுவிட்டுச் சாவியை அதிலேயே விட்டுவிடுவதற்குச் சமம்.

அடுத்தது கோப்பின் இருப்பிடம். குறிப்புகளைச் செயலியின் கோப்புறையிலேயே சேமிக்கும் நிரல், உருவாக்கும்போது ஒழுங்காக ஓடும்; தொகுத்தபின் நிரல்கள் அசார் என்ற ஒற்றைக் கோப்புக்குள் அடங்கிவிடுவதாலும், அதில் எழுத இயலாது என்பதாலும், பயனரின் கணினியில் சேமிப்பு தோற்றுப்போகும். ஆப்.கெட்பாத் தரும் 'யூசர்டேட்டா' பாதையே அதற்கு உரிய இடம்.

முதன்மைச் செயல்முறையில் ரீட்ஃபைல்சிங்க் கொண்டு பெரிய கோப்பைப் படித்தால், படித்து முடியும்வரை எல்லாச் சாளரங்களும் உறைந்து நிற்கும். மற்ற வேலைகளை நிறுத்தாமல் படிக்கும் ஒத்திசைவற்ற வடிவத்தையே பயன்படுத்துங்கள்.

குரோமியத்தையே சுமப்பதால், எளிய செயலிகூட 100 எம்பியைத் தாண்டுவது வழக்கம். அது முக்கியம் என்றால், வலைப்பக்கத்தைக் காட்ட இயங்குதளத்திலேயே உள்ள வெப்வியூவைப் பயன்படுத்தும் டாரி என்ற மாற்றுக் கருவியைத் தொடக்கத்திலேயே பரிசீலிப்பது நல்லது. பாதியில் மாறுவது கடினம்.

கடைசியாக, தொகுத்த செயலியை நோட்.ஜேஎஸ் நிறுவாத வேறொரு கணினியில் இயக்கிப் பாருங்கள். ஓடும்போது தேவைப்படும் நூலகத்தைத் தவறுதலாக, உருவாக்கும்போது மட்டும் தேவைப்படுபவற்றுக்கான 'டெவ்டிபென்டன்சீஸ்' பட்டியலில் எழுதியிருந்தால், அது தொகுப்பில் சேராமல் போய், செயலி திறக்கும்போதே நின்றுவிடும்.