தெரிந்த கதை, தெரியாத நாவல்: தேவதைக் கதை மறுபுனைவுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சின்ட்ரெல்லாவையும் தூங்கும் அழகியையும் அறியாத வீடு இல்லை. அதனாலேயே அந்தக் கதைகளை அடிப்படையாகக் கொண்டு இளம் வாசகர்களுக்கு எழுதப்பட்ட நாவல்களைப் பெற்றோரும் ஆசிரியர்களும் அட்டையைப் பார்த்த அளவிலேயே வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். கதை நமக்குத் தெரியும், ஆகவே புத்தகமும் தெரியும் என்ற எண்ணம். இந்த வகை நூல்களில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

நல்ல மறுபுனைவு, பழைய கதை பதில் சொல்லாமல் விட்டுப்போன ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள்ளும். சின்ட்ரெல்லா ஏன் எல்லோர் சொல்லுக்கும் பணிந்து போகிறாள்? கெயில் கார்சன் லெவைன் 1997இல் எழுதிய ‘எலா என்சான்டட்’ நாவல் முழுக்க இந்த ஒரு கேள்வியின் பின்னால்தான் போகிறது. பிறந்த குழந்தை அழுகையை நிறுத்தவில்லை என்பதற்காக லூசிண்டா என்ற தேவதை அதற்குக் கீழ்ப்படிதலை வரமாகக் கொடுத்துவிடுகிறாள். அன்றிலிருந்து யார் எதைக் கட்டளையாகச் சொன்னாலும் எலா அதைச் செய்தே தீர வேண்டும். பிள்ளைகளிடம் நாம் ஓயாமல் எதிர்பார்க்கும் ஒரு குணம் இங்கே சாபமாக இருக்கிறது. இதை ‘இன்னொரு சின்ட்ரெல்லா கதை’ என்று நினைத்து ஐந்து வயதுக் குழந்தைக்கு வாசித்துக் காட்டினால் அதற்கு ஒன்றும் பிடிபடாது. பத்து வயதுப் பெண்ணிடம் கொடுத்தால் படித்து முடிக்கும்வரை இரவு விளக்கை அணைக்க மாட்டாள்.

திரைப்படத்தை மூலக்கதை என்று நினைப்பது

மறுபுனைவைப் படித்தவர்கள் சொல்லும் முதல் குறை, ‘கதையை மாற்றிவிட்டார்கள்’ என்பது. எந்தக் கதையை? பெரும்பாலும் அவர்கள் மனத்தில் இருப்பது வால்ட் டிஸ்னி நிறுவனத்தின் படம். ஸ்நோ ஒயிட் 1937, சின்ட்ரெல்லா 1950, தூங்கும் அழகி 1959. ஜெர்மனியில் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் ஸ்நோ ஒயிட் முத்தத்தால் விழிப்பதில்லை. கண்ணாடிப் பெட்டியைச் சுமந்து போகிறவர்கள் இடறும்போது தொண்டையில் சிக்கிய ஆப்பிள் துண்டு வெளியே வந்துவிடுகிறது, அவ்வளவுதான். குள்ளர்களுக்கு அங்கே பெயரும் கிடையாது. தவளை இளவரசனையும் யாரும் முத்தமிடவில்லை. எரிச்சலில் இளவரசி அவனைச் சுவரில் வீசி அடிக்கிறாள், அவன் மனிதனாகிறான். ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1837இல் எழுதிய கடற்கன்னிக்குத் திருமணம் நடப்பதே இல்லை.

கிரிம்மையே மூலம் என்று பிடித்துக்கொள்வதும் சரியாகாது. பூசணி வண்டியும் கண்ணாடிக் காலணியும் பிரெஞ்சுக்காரரான சார்ல் பெரோ 1697இல் வெளியிட்ட நூலில் வருபவை. கிரிம்மின் சின்ட்ரெல்லாவுக்கு வரம் தரும் தேவதை இல்லை. தாயின் கல்லறைமேல் வளர்ந்த மரமும் அதில் வந்தமரும் பறவைகளும்தான் அவளுக்கு ஆடை தருகின்றன. அதற்கும் முன்னால், 1634 முதல் 1636 வரை நேப்பிள்ஸில் வெளிவந்த ஜாம்பத்திஸ்தா பசீலேயின் தொகுப்பில், அவளுக்கு நிகரான பாத்திரம் தன் முதல் சிற்றன்னையைப் பெட்டி மூடியால் கொன்றுவிடுகிறாள். இன்னும் பின்னால் போனால், ஒன்பதாம் நூற்றாண்டுச் சீனாவில் துவான் செங்ஷி எழுதிவைத்த யே ஷியான் கதை இருக்கிறது. அங்கே மீனின் எலும்புகள் வரம் தருகின்றன, தொலைந்த காலணி அவளைக் காட்டிக்கொடுக்கிறது. டோனா ஜோ நாப்போலி இந்தச் சீன வடிவத்தை அடியாக வைத்து, மிங் வம்சக் காலத்தில் நடக்கும் ‘பவுண்ட்’ என்ற நாவலை 2004இல் எழுதினார். பாதம் கட்டும் வழக்கம் இருந்த நாட்டில் சிறிய காலணிக்கு என்ன பொருள் என்று கேட்கும் புத்தகம் அது. ‘சின்ட்ரெல்லாவைச் சீனாவுக்குக் கொண்டுபோய்விட்டார்’ என்று அதைக் குறை சொன்னால், சீனக் கதை பெரோவுக்கு எண்ணூறு ஆண்டுகள் மூத்தது என்பதை மறந்தவர்களாகிறோம்.

கிரிம் சகோதரர்களே தங்கள் கதைகளைத் திருத்திக்கொண்டே இருந்தவர்கள். முதல் தொகுதி 1812இல் வந்தது, ஏழாம் பதிப்பு 1857இல். முதல் பதிப்பில் ஸ்நோ ஒயிட்டைக் கொல்லச் சொல்பவள் அவளைப் பெற்ற தாய். 1819இல்தான் அவள் சிற்றன்னை ஆனாள். ஹான்சலையும் கிரேத்தலையும் காட்டில் விட்டவளும் முதலில் சொந்தத் தாயே. 1840 பதிப்பில் சிற்றன்னையாக மாற்றப்பட்டாள். தாய் இப்படிச் செய்வாளா என்ற தயக்கம் தொகுத்தவர்களின் பேனாவையே தடுத்திருக்கிறது. இத்தனை மாற்றங்களைக் கண்ட கதைகள் இவை என்று தெரிந்துகொண்டால், நாவலாசிரியர் மாற்றிய இடத்தைக் குறையாகப் பார்க்காமல், ஏன் இந்த இடத்தை மாற்றினார் என்று கேட்கத் தோன்றும்.

‘எலா என்சான்டட்’ 2004இல் படமானது. படத்தைப் பார்த்துவிட்டால் நாவலைப் படிக்க வேண்டியதில்லை என்று நினைப்பதும் இதே வகைத் தவறு. படத்தில் அரசுரிமையைக் கைப்பற்ற நினைக்கும் ஒரு சித்தப்பனும் பேசும் பாம்பும் புதிதாக நுழைகிறார்கள். சாபம் உடையும் விதமும் வேறு. நாவலில் எலா உடைப்பது தனக்கு மிகவும் பிடித்த ஒன்றைச் ‘செய்ய மாட்டேன்’ என்று மறுத்து. எந்த மந்திரமும் உதவிக்கு வராத அந்தப் பக்கங்களுக்காகவே நூலை வாங்கலாம். 1998இல் அதற்கு அமெரிக்கச் சிறார் இலக்கிய விருதான நியூபெரி ஹானர் கிடைத்தது வியப்பில்லை.

கதையின் பெயரை வைத்து வயதை முடிவு செய்வது

தவறுகளிலேயே பெரியது இது. தேவதைக் கதை என்றால் குழந்தைகளுக்கானது, ஆகவே அதைத் தழுவிய நாவலும் குழந்தைகளுக்கானது என்று நூலக அலமாரிகூடச் சில சமயம் முடிவு கட்டிவிடுகிறது.

ராபின் மெக்கின்லியை எடுத்துக்கொள்வோம். அவருடைய முதல் நாவல் 1978இல் வந்த ‘பியூட்டி’. அழகியும் மிருகமும் கதைதான். ஆனால் அதில் பொறாமை பிடித்த அக்காள்கள் இல்லை. இருவரும் தங்கையை உயிராக நேசிப்பவர்கள். பியூட்டி என்பது நாயகிக்குச் சிறுவயதில் அமைந்த செல்லப்பெயர். தான் அழகில்லை என்று உறுதியாக நம்புகிற, கிரேக்க இலக்கியமும் குதிரையும் போதும் என்று இருக்கிற பெண் அவள். மிருகத்தின் மாளிகையில் ஒரு நூலகம் இருக்கிறது. உலகில் இன்னும் எழுதப்படாத புத்தகங்களும் அதில் உண்டு. பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கோ பையனுக்கோ தயங்காமல் கொடுக்கலாம். தேவதைக் கதையில் ஒரு மனிதரின் கூச்சத்துக்கும் இவ்வளவு இடம் உண்டு என்று காட்டிய நூல் என்பதால் எனக்கு மிகவும் பிரியமானது.

அதே மெக்கின்லி 1993இல் ‘டீர்ஸ்கின்’ எழுதினார். பெரோ செய்யுளில் எழுதிய ‘கழுதைத்தோல்’ கதை அதன் அடிப்படை. மனைவியை இழந்த அரசன் தன் மகளையே மணக்க நினைப்பதும் அவள் தோல் போர்த்தித் தப்பி ஓடுவதும் பெரோவின் கதை. மெக்கின்லி அந்த நினைப்பு நடந்தேவிட்டால் என்ன ஆகும் என்று எழுதுகிறார். தந்தை மகளைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்குகிறான். நாவலின் மீதிப் பகுதி, அவளும் அவளுடைய நாயும் பனிக்காட்டில் எப்படிப் பிழைக்கிறார்கள், அவள் மனம் எப்படி மெல்ல மெல்ல மீள்கிறது என்பது. உயர்ந்த படைப்பு, பெரியவர்களுக்கான படைப்பு. ‘பியூட்டி பிடித்ததே, அதே ஆசிரியர்தானே’ என்று ஒரு சிறுமியின் கையில் அதைக் கொடுத்துவிடக் கூடாது.

நாப்போலியின் ‘ஸெல்’ (1996) ராபன்ஸல் கதை. பதினாறாம் நூற்றாண்டு சுவிட்சர்லாந்தில் நடக்கிறது. மகளை யாருக்கும் விட்டுத்தர மனமில்லாத தாயின் குரலும் அதில் இருக்கிறது, கோபுரத்தில் தனித்துக் கிடக்கும் பெண்ணின் புத்தி தடுமாறுவதும் இருக்கிறது. பதினைந்து வயதுக்கு முன் வேண்டாம் என்பது என் கருத்து. ஜேன் யோலனின் ‘பிரையர் ரோஸ்’ (1992) தூங்கும் அழகியின் கதையை யூத இனப்படுகொலைக்குள் கொண்டுபோகிறது. வாழ்நாளெல்லாம் அந்த ஒரே கதையைச் சொல்லிவந்த பாட்டி இறந்த பிறகு, அவள் யார் என்று தேடிப் பேத்தி போலந்துக்குப் போகிறாள். தேடல் ஹெல்ம்னோ வதைமுகாமில் போய் நிற்கிறது. முள்வேலியும் நச்சுப்புகையில் ஆழ்ந்த உறக்கமும் எதைக் குறிக்கின்றன என்று புரிந்துகொள்ள வரலாறு கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். பள்ளியில் இரண்டாம் உலகப் போரைப் படித்து முடித்த மாணவருக்கு இதைவிடப் பொருத்தமான நாவலைச் சொல்வது கடினம்.

இதற்கு நேர் எதிர்த் தவறும் உண்டு. கொடூரம் எதுவும் இருக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் கழுவித் துடைத்த நூலையே தேடுவது. எட்டு, ஒன்பது வயதுக் குழந்தைகள் கதையில் வரும் இரத்தத்தைப் பெரியவர்கள் பயப்படும் அளவுக்குப் பயப்படுவதில்லை. அநீதிக்குத் தண்டனை கிடைக்காமல் போனால்தான் அவர்களுக்குத் தூக்கம் வராது. புரூக்ளினில் ஆசிரியராக இருந்த ஆடம் கிட்விட்ஸ் 2010இல் வெளியிட்ட ‘எ டேல் டார்க் அண்ட் கிரிம்’ இதைத் தெரிந்து எழுதப்பட்டது. ஹான்சலும் கிரேத்தலும் தம் சொந்தக் கதையிலிருந்து வெளியேறி மற்ற கிரிம் கதைகளுக்குள் அலைகிறார்கள். தொடக்கத்திலேயே தந்தை அவர்கள் தலையை வெட்டுகிறார். தலைகள் திரும்பவும் ஒட்டிக்கொள்கின்றன. பயங்கரமான இடம் வருமுன் கதைசொல்லி நின்று, சின்னக் குழந்தைகளை அறையை விட்டு அனுப்பிவிடச் சொல்கிறார். அந்தச் சிரிப்புக்கு நடுவே, பெற்றோர் தவறு செய்தால் பிள்ளைகள் என்ன செய்வது என்ற கனமான கேள்வி ஓடிக்கொண்டே இருக்கிறது. இந்த நூல்கள் பெண் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இதை ஒரு பையனிடம் கொடுத்துப் பார்க்கலாம்.

வாளேந்தினால்தான் வீராங்கனை என்று அளப்பது

பழைய கதைகளில் பெண்கள் காத்திருக்கிறார்கள், தூங்குகிறார்கள், மீட்கப்படுகிறார்கள். மறுபுனைவு அதைத் திருப்பிப் போட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே. அந்தத் திருப்பம் வாள், வில், போர் என்ற வடிவில்தான் வர வேண்டும் என்று தேடும்போது நல்ல நாவல்கள் கைநழுவிப் போகின்றன. கிரிம்மின் வாத்து மேய்க்கும் பெண் கதையைத் தழுவி ஷானன் ஹேல் எழுதிய ‘தி கூஸ் கேர்ள்’ (2003) நாயகி ஆனி கூச்சத்தால் பேசவே தயங்குபவள். நான்கு பேரை வசப்படுத்திப் பேசும் திறமை அவளுடைய தோழிக்கு இருக்கிறது, அந்தத் தோழிதான் அவளுடைய பெயரையும் இடத்தையும் பறிக்கிறாள். அந்நிய நாட்டில் வாத்து மேய்க்கும் பெண்ணாக ஒளிந்துகொண்டு, ஆனி காற்றின் மொழியைக் கற்கிறாள், மக்களிடம் பேசவும் கற்கிறாள். அவள் கண்டடையும் வலிமையில் பாதி, தன்னைப்போல் கூலிக்கு வந்தவர்களோடு அவள் கொள்ளும் நட்பிலிருந்து வருகிறது.

ஹேலின் ‘புக் ஆஃப் எ தௌசண்ட் டேஸ்’ (2007) இன்னும் ஒரு படி மேலே போகிறது. கிரிம்மின் ‘மலீன்’ கதையில் இளவரசியும் பணிப்பெண்ணும் ஏழு ஆண்டுகளுக்குக் கோபுரத்தில் அடைக்கப்படுகிறார்கள். பணிப்பெண்ணைப் பற்றி அந்தக் கதை அதிகம் கவலைப்படுவதில்லை. ஹேல், மங்கோலிய வாழ்க்கையை நினைவூட்டும் ஒரு நிலத்தில் கதையை அமைத்து, தாஷ்டி என்ற அந்தப் பணிப்பெண்ணின் நாட்குறிப்பாகவே முழு நாவலையும் எழுதுகிறார். எலி தின்றது போக மிச்சம் எவ்வளவு தானியம் இருக்கிறது என்று எண்ணுவதும், உடைந்துபோன எசமானிக்குப் பாட்டுப் பாடுவதும்தான் அவளுடைய வீரம். சமைத்துத் துவைத்து அடுத்தவரை உயிரோடு வைத்திருக்கும் உழைப்பைப் பெருமையோடு சொல்லும் சிறார் நாவல்கள் குறைவு. வாள் இல்லை என்பதற்காக இதை ஒதுக்கினால் இழப்பு நமக்குத்தான்.

‘முடிவு தெரிந்த கதைக்கு எதற்கு முந்நூறு பக்கம்?’ என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். இராமன் வில்லை முறிப்பான் என்று தெரிந்துதானே கம்பனைப் படிக்கிறோம்? மெக்கின்லியும் ஹேலும் முதல் ஐம்பது பக்கங்களை நிதானமாகத்தான் நகர்த்துவார்கள். அதற்குள் குழந்தை சலித்துக் கீழே வைத்தால், ஓர் அத்தியாயத்தை நாமே உரக்க வாசித்துக் காட்டுவது பெரும்பாலும் உதவும்.

படிக்கும் முன்பும் பின்பும்

மூலக்கதையைச் சொல்லாமல் நாவலைக் கொடுப்பது எல்லாருக்கும் தவறாகாது. ‘தி கூஸ் கேர்ள்’ நாவலைக் கிரிம் கதையே தெரியாமலும் ரசிக்கலாம். ஆனால் வாயிலில் தொங்கவிடப்பட்ட, இளவரசியின் குதிரையான ஃபலாடாவின் தலை பழைய கதையில் பேசும் என்று முன்பே தெரிந்த வாசகர், நாவலில் அந்த இடத்தை நெருங்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வார். நம் வீடுகளில் அதிகம் சொல்லப்படாத கதை என்பதால், நான்கைந்து பக்கமே உள்ள மூலத்தை முந்தைய நாள் சொல்லிவிடுவது நல்லது. மரிஸ்ஸா மேயரின் ‘சிண்டர்’ (2012) வாங்குவோர் கவனிக்க வேண்டியது, கதை அந்த நூலோடு முடிவதில்லை என்பதை. இயந்திரக் கால் கொண்ட சின்ட்ரெல்லாவின் கதை ‘ஸ்கார்லெட்’, ‘க்ரெஸ்’, ‘வின்டர்’ என்று 2015 வரை தொடர்கிறது. நடுவில் இருக்கும் ஒன்றைப் பரிசாக வாங்கிக் கொடுத்தால் குழந்தைக்குத் தலையும் வாலும் புரியாது.

படித்து முடித்ததும், ‘இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?’ என்று கேட்டுவிடாதீர்கள். அழகியும் மிருகமும் கதையை மதாம் வில்னேவ் 1740இல் ஒரு நீண்ட நாவலாகவே எழுதினார். ஆசிரியையாக வாழ்ந்த மதாம் பொமோன் 1756இல் அதை வெகுவாகச் சுருக்கி, நற்பண்புக்குப் பரிசு என்ற பாடத்தோடு சிறுமிகளுக்குக் கொடுத்தார். அந்தப் பாடத்தோடுதான் கதை உலகம் சுற்றியது. மெக்கின்லி போன்றவர்கள் அந்தப் பாடத்தைத் தளர்த்திவிட்டுக் கதைக்குத் திரும்பவும் இடம் கொடுத்திருக்கிறார்கள். அதே மெக்கின்லி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, 1997இல், ‘ரோஸ் டாட்டர்’ என்ற பெயரில் இதே கதையை மறுபடியும் எழுதினார், முடிவு வேறு. ‘பியூட்டி’ பிடித்துப்போன பிள்ளைக்கு அடுத்ததாக அதைக் கொடுத்து, இரண்டு முடிவுகளில் எது உனக்குச் சரியாகப் படுகிறது என்று கேளுங்கள். மிருகம் மனிதனாக வேண்டுமா, வேண்டாமா என்பதில் ஒரு வீட்டிலேயே இரண்டு கட்சிகள் உருவாகும்.