பிரீச்சர் கர்ல்: பைசெப்ஸை மட்டும் வேலை வாங்குவது எப்படி?

நின்றுகொண்டு பார்பெல் கர்ல் செய்யும்போது, அதாவது பிளேட் எனும் எடைத்தட்டுகள் மாட்டிய கம்பியை முழங்கை மடக்கித் தூக்கும்போது, எடை கொஞ்சம் கூடினாலே இடுப்பு ஆடத் தொடங்கிவிடும். தோளும் முதுகும் உதவிக்கு வரும், பார் எப்படியோ மேலே போய்விடும். பிரீச்சர் கர்லில் அந்தக் கள்ளாட்டம் எடுபடாது. மேற்கை சாய்வான திண்டின் மேல் படிந்துவிடுவதால், முழங்கையை மடக்குவதைத் தவிர வேறு வழியில்லை; மேற்கையின் முன்பக்கத் தசையான பைசெப்ஸ்தான் உழைத்தாக வேண்டும். 1965-இல் முதல் மிஸ்டர் ஒலிம்பியா பட்டம் வென்ற லாரி ஸ்காட் இதைப் பிரபலமாக்கினார். அதனால் ஸ்காட் கர்ல் என்றும் சொல்வார்கள்.

1. இருக்கையைச் சரிசெய்யுங்கள்

பாரைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. பலரும் முன்னால் உட்கார்ந்தவர் வைத்த உயரத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். திண்டின் மேல்விளிம்பு உங்கள் அக்குளில் வந்து பொருந்த வேண்டும். இருக்கை தாழ்ந்திருந்தால் தோள் காதுவரை ஏறிவிடும்; உயர்ந்திருந்தால் முன்னால் கவிழ்ந்து, முழங்கையை மட்டும் ஊன்றிக்கொண்டு இருப்பீர்கள். வெறுங்கையை நீட்டி வைத்துப் பாருங்கள். மேற்கையின் பின்பக்கம் இடைவெளி இல்லாமல் திண்டில் ஒட்டியிருந்தால் சரி.

2. பாரும் எடையும்

முழுநீள ஒலிம்பிக் பார் வெறுமனே 20 கிலோ. புதியவருக்கு அது அதிகம், பக்கவாட்டில் ஆடவும் செய்யும். குட்டை பார் எடுங்கள். நேரான பாரில் மணிக்கட்டு வலித்தால், வளைந்த ஈஸி பாருக்கு மாறிவிடுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. நின்று தூக்கும் எடையில் பாதியோடு தொடங்கலாம். பிளேட் நழுவாமல் இருக்க லாக் போட மறக்காதீர்கள்.

3. மேலிருந்து தொடங்குங்கள்

உள்ளங்கை மேலே பார்க்க, தோள் அகலத்தில் பிடியுங்கள். முழங்கை மடங்கிய நிலையிலேயே பாரை ஸ்டாண்டிலிருந்து எடுங்கள், இல்லை ஒருவரைக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.

4. மெதுவாக இறக்குங்கள்

என்னைக் கேட்டால், இந்தப் பயிற்சியின் உயிரே இந்த இடம்தான். மனதுக்குள் மூன்று எண்ணியபடி இறக்குங்கள். முன்கை தரைக்கு இணையாக வரும்போதுதான் பளு முழங்கையை மிக அதிகமாக இழுக்கும். சாய்ந்த திண்டில் அந்த நிலை கீழ்ப்பாதியில் வருகிறது. கை லேசாக நடுங்கினால் பயப்பட வேண்டாம், ஆனால் பாரைத் தொப்பென்று விட்டுவிடக் கூடாது. முழங்கைக்குக் கீழே முன்கை எலும்பில் போய் ஒட்டும் பைசெப்ஸ் தசைநாண், பளுவோடு திடீரென இழுபடும்போது கிழியக்கூடும். கை கிட்டத்தட்ட நேராகும் வரை இறக்கி, முழங்கை பூட்டிக்கொள்வதற்குச் சற்று முன் நிறுத்துங்கள்.

5. தூக்குங்கள்

மூச்சை விட்டபடி மேலே கொண்டுவாருங்கள். மணிக்கட்டு நேராக இருக்கட்டும். அதை உள்பக்கம் மடக்கினால் முன்கைதான் முதலில் களைக்கும். முன்கை செங்குத்தாவதற்குக் கொஞ்சம் முன்பே நின்றுவிடுங்கள். அதற்கு மேல் போனால் எடை எலும்பின் மேல் உட்கார்ந்துகொள்ளும், பைசெப்ஸ் ஓய்வெடுக்கும். முழங்கை திண்டை விட்டு எழும்புகிறதா? எடை அதிகம், ஒரு பிளேட்டைக் கழற்றுங்கள்.

எத்தனை முறை? 8 முதல் 12 ரெப் (ஒரு முறை இறக்கித் தூக்குவது ஒரு ரெப்), இப்படி மூன்று செட், அதாவது மூன்று சுற்று, நடுவில் ஒன்றரை நிமிட ஓய்வு. மூன்று செட்டிலும் 12 சுத்தமாக வந்த பிறகு, இருப்பதிலேயே சிறிய பிளேட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதுகுப் பயிற்சியில் பைசெப்ஸும் உழைப்பதால், அன்றைக்கே கடைசியில் இதைச் செய்வது எனக்குப் பிடித்த வரிசை.

தசையில் எரிச்சல் இருந்தால் பரவாயில்லை. முழங்கை மடிப்பில் சுருக்கென்று குத்தினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். 'டப்' என்ற சத்தத்தோடு வலியும் கன்றிப்போன நிறமும் வந்தால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அப்புறம், கடைசி ரெப் முடிந்ததும் பாரைக் கீழே கொண்டுபோகாதீர்கள். மேலே இருக்கும்போதே ஸ்டாண்டில் வைத்துவிட்டு எழுந்திருங்கள்.