பால்வாடிப் பிள்ளைகளிடம் உங்கள் வேலையைப் பற்றிப் பேசப் போகும்போது

அங்கன்வாடியிலோ எல்.கே.ஜி. வகுப்பிலோ "உங்க வேலையைப் பத்திப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்க" என்று கூப்பிட்டால், பேச்சு எழுதி மனப்பாடம் செய்ய வேண்டாம். மூன்றிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பதவியின் பெயர் ஒன்றும் சொல்லாது. கை என்ன செய்கிறது என்பதுதான் புரியும். ஆகவே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு போங்கள், அதை வைத்து ஒரே ஒரு காரியம் செய்து காட்டுங்கள், பிறகு அதையே பிள்ளைகளைச் செய்யவிடுங்கள். இதற்கு மேல் எதைச் சேர்த்தாலும் கூட்டம் கலையும்.

மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு 8 முதல் 10 நிமிடம், யு.கே.ஜி. என்றால் 15 நிமிடம் போதும். அதில் நீங்கள் பேசுவது முதல் 3 நிமிடம்தான். காலை பத்தரை வாக்கில் நேரம் கேளுங்கள். சோறு வேகிற வாசம் வந்துவிட்டால் கவனம் அங்கே போய்விடும். சாப்பிட்டபின் பாதிப் பேர் தூங்கிவிழும்.

ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நிற்காதீர்கள், பின்னாலிருந்து வெளிச்சம் அடித்தால் உங்கள் முகம் தெரியாது. தரையிலோ முக்காலியிலோ உட்கார்ந்து, பிள்ளைகளை அரைவட்டமாக உட்காரவையுங்கள். வரிசை போட்டால் பின்வரிசைக்காரன் முன்னால் இருப்பவளை இடித்துக்கொண்டுதான் இருப்பான். பொருளைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள். வெளியே எடுத்த நொடியிலிருந்து யாரும் உங்கள் பேச்சைக் கேட்கப்போவதில்லை.

பேச்சு வீட்டுப் பேச்சாகவே இருக்கட்டும். டீச்சர் உங்களை "மாமா வந்திருக்காவ", "அத்தை வந்திருக்காவ" என்று அறிமுகப்படுத்தினால் நீங்களும் "மாமா பஸ்ல டிக்கெட் குடுக்கேன்" என்றே தொடங்குங்கள். மேடைத் தமிழில் "நான் ஒரு நடத்துநராகப் பணிபுரிகிறேன்" என்றால் டீச்சரைத் தவிர யாருக்கும் புரியாது.

கண்டக்டர் வேலையையே எடுத்துக்கொள்வோம். இந்த வயதுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை குறைவு. தேவையானவை தோல்பை, விசில், கலர்த் தாள். தாளை ஏறக்குறைய 4 செ.மீ. அகலம், 8 செ.மீ. நீளத்தில் வெட்டிக்கொள்ளுங்கள். 20 பிள்ளைகள் என்றால் 30 சீட்டு. கிழிப்பவனும் இருப்பான், இன்னொன்று கேட்பவளும் இருப்பாள். எல்லாச் சீட்டும் ஒரே நிறமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் சிவப்புச் சீட்டுக்குச் சண்டை வரும்.

பாயில் இருவர் இருவராக உட்காரவைத்து, டீச்சரை டிரைவராக்குங்கள். பிள்ளைகளில் ஒருவரை டிரைவராக்கினால் மற்ற பத்தொன்பதும் அழும். ஒரு விசில் என்றால் பஸ் நிற்கும், இரண்டு விசில் என்றால் கிளம்பும். இதை முதலில் கைதட்டலில் இரண்டு முறை பழக்குங்கள். அப்புறம் சீட்டுக் கொடுத்துக்கொண்டே போய் இரட்டை விசில் ஊதுங்கள். உட்கார்ந்த இடத்திலேயே எல்லாரும் குலுங்கட்டும், ஒற்றை விசிலில் அசையாமல் நிற்கட்டும். திருநெல்வேலி என்றால் ஜங்ஷன், வண்ணார்பேட்டை, முருகன்குறிச்சி, பாளை பஸ் ஸ்டாண்ட் என்று நான்கு நிறுத்தம் போதும். வேறு ஊராக இருந்தால் அவர்கள் ஏறி இறங்குகிற நிறுத்தங்களையே சொல்லுங்கள். தெரிந்த பெயர் காதில் விழும்போது அந்த முகங்களைப் பாருங்கள், அதற்காகவே போகலாம்.

அரசு பஸ்ஸில் 5 வயது வரை டிக்கெட் கிடையாது. அதனால் தன் கைக்கென்று ஒரு சீட்டு வருவது இந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய காரியம். அவசரப்படாமல் ஒவ்வொருவர் கையிலும் வைத்துக் கொடுங்கள். "எங்கம்மாவுக்குக் காசு வாங்க மாட்டாவளே" என்று டவுன் பஸ் அனுபவத்தைச் சொல்லவும் ஆள் இருக்கும். "ஆமா, டவுன் பஸ்ல அம்மாவுக்குக் காசில்லாத சீட்டு" என்று சொன்னால் போதும். நிஜக் காசைக் கையில் கொடுக்காதீர்கள், வாய்க்குள் போகும். மூன்று செ.மீ.க்குக் குறைவான எதையும் இந்த வயதில் கொடுக்கக் கூடாது, தொண்டையில் அடைக்கும். விசிலையும் ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்கு மாற்ற வேண்டாம்.

வேறு வேலைக்காரர்களுக்குச் சில எச்சரிக்கைகள். காருகுறிச்சிப் பக்கமிருந்து மண்பாண்டம் செய்பவர் வந்தால் சக்கரத்தில் ஒவ்வொருவராகக் கைவைக்கவிட ஆசை வரும். ஆளுக்கு ஒரு நிமிடம் என்றாலே 20 நிமிடம் ஆகிவிடும், காத்திருப்பவர்கள் அடித்துக்கொள்வார்கள். சக்கரத்தைச் சுற்றிக் காட்டியதோடு விட்டுவிட்டு, ஆளுக்கு எலுமிச்சம்பழ அளவு மண் கொடுங்கள். 20 பேருக்கு ஒன்றரை முதல் 2 கிலோ பிடிக்கும். ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள், காய்ந்தால் பிஞ்சு விரலுக்கு அமுங்காது.

பத்தமடைப் பாய் நெய்பவர்கள் நெசவு கற்றுத்தர முயல வேண்டாம், மேலும் கீழுமாகக் கோக்கிற பக்குவம் அந்த விரல்களுக்கு இன்னும் வரவில்லை. காய்ந்த கோரையைத் தடவிப் பார்க்கட்டும், பிறகு நெய்த பாயில் கன்னம் வைத்துப் படுக்கட்டும். அதிலேயே பாடம் முடிந்தது.

பனையேறுபவர்கள் பாளை சீவுகிற அரிவாளை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். கலயம் கொண்டுவந்தால் உள்ளே சுண்ணாம்பு தடவியதா என்று பார்த்து நன்றாகக் கழுவுங்கள். தொட்ட கையால் கண்ணைக் கசக்கினால் எரிந்து பொல்லாத வலி எடுக்கும். கருப்பட்டி தருவதானால் டீச்சரிடம் முன்னாலேயே கேட்டு, பொடித்துக் கொடுங்கள்.

நர்ஸம்மாவைப் பார்த்தாலே ஊசி ஞாபகம் வரும், வெள்ளைக் கோட்டும் சிரிஞ்சும் வேண்டாம். ஸ்டெதாஸ்கோப்பைப் பொம்மையின் நெஞ்சில் வைத்துத் தொடங்குங்கள். போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி உட்கார்ந்தபின் பேசட்டும். "போலீஸ் புடிச்சிட்டுப் போயிரும்" என்று மிரட்டிச் சோறூட்டிய வீடுகள் நிறைய. கரண்ட் வேலை செய்பவர்கள் பிளக்கையும் வயரையும் தொட்டுக் காட்டவே கூடாது, பார்த்ததை வீட்டில் போய்ச் செய்யும் வயது இது. ரப்பர் கையுறையும் ஹெல்மெட்டும் போட்டுப் பார்க்கட்டும்.

கேள்வி நேரம் என்று ஒன்று வைக்காதீர்கள். "ஏதாவது கேளுங்க" என்றால் "எங்க வீட்ல பூனை குட்டி போட்டிருக்கு" என்றுதான் வரும். "அப்படியா, எத்தனை குட்டி?" என்று கேட்டுவிட்டு வேலைக்குத் திரும்புங்கள். நீங்கள் கேட்பதானால் இரண்டில் ஒன்றைச் சொல்கிற மாதிரி கேளுங்கள்: "இப்ப பஸ் நிக்கணுமா, போகணுமா?"

"பெரியவனானா என்ன ஆகப்போற?" என்பதும் வேண்டாம். முதல் பிள்ளை போலீஸ் என்றால் இருபதும் போலீஸ் என்னும். "படிக்கலன்னா ஆடு மேய்க்கத்தான் போகணும்" என்ற வார்த்தை மட்டும் எந்தக் காரணத்துக்கும் வாயில் வரக் கூடாது. அந்த அரைவட்டத்தில் ஆட்டுக்கிடை போடுபவரின் பேத்தி இருப்பாள், பீடி சுற்றும் அம்மாவின் மகன் இருப்பான். தன் வீட்டு வேலையை மட்டமாகப் பேசியதை அந்தப் பிள்ளை மறக்காது. "உங்க வீட்ல யாரு என்ன வேலை செய்யுதாவ?" என்று கேளுங்கள், எந்தப் பதில் வந்தாலும் "நல்ல வேலை, கஷ்டமான வேலை" என்று மனதாரச் சொல்லுங்கள்.

கிளம்பும்போது மீதிச் சீட்டையும் பழைய பை ஒன்றையும் டீச்சரிடம் கொடுத்து, ஒரு வாரம் விளையாட்டுப் பொருள்களோடு வைக்கச் சொல்லுங்கள். நிஜமான விளையாட்டு மறுநாள்தான் தொடங்கும். விசிலை மட்டும் மறக்காமல் எடுத்து வந்துவிடுங்கள்.