பானெட்டில் துளை, கீழே டர்போ, மேலே மழை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று இஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் பாகம்) உள்ள வண்டியின் பானெட்டில், சூடு வெளியேற வென்ட் எனும் துளை வெட்ட நினைப்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, மழைத்தண்ணீர் பட்டால் டர்போ விரிசல் விட்டுவிடுமா என்பதுதான். விடலாம். ஆனால் அதற்கு வெகு முன்பே பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் கெடும், ஒயர்களை இணைக்கும் கப்ளர்களில் பச்சை பூக்கும், டீசல் வண்டியில் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் துருப்பிடித்து இஞ்சின் ஹெட்டோடு ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் எவ்வளவு சூடான பாகத்தில் விழுகிறது என்பதைவிட, எங்கே போய்த் தேங்குகிறது என்பதே இங்கே பெரிய விஷயம்.

ஸ்கூப் வேறு, வென்ட் வேறு. பழைய 3.0 டீசல் ஃபார்ச்சூனரிலும் சுபாரு டபிள்யூ.ஆர்.எக்ஸ்.ஸிலும் முன்னோக்கி வாய் திறந்திருப்பது ஸ்கூப். அதன் நேர் கீழே இருப்பது, டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர். மழைநீர் அதன் வெளித்தகடுகளில்தான் படும். இஞ்சினுக்குப் போகும் காற்று மூடிய குழாய்க்குள் ஓடுவதால் ஒரு சொட்டுகூட உள்ளே போகாது. ஆகவே அந்த வண்டிகளைக் காட்டி, 'கம்பெனிக்காரனே ஓட்டை விட்டிருக்கிறான்' என்று டர்போவுக்கு நேர் மேலே வெட்டுவது முதல் தவறு. ஸ்கூப்புக்கும் இன்டர்கூலருக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் பட்டை கிழிந்திருந்தால் மட்டும் மாற்றிவிடுங்கள்.

துளை வழியாக விழுவதைவிட வழிந்து வருவதே அதிகம்

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 30 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலமுள்ள ஒரு வென்ட். மணிக்கு 50 மி.மீ. கொட்டும் கனமழையில் அதன் வாய்க்குள் நேராக விழுவது ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டர். அதே நேரத்தில் ஒன்றரை சதுர மீட்டர் பானெட்டின்மேல் விழுவது 75 லிட்டர். அதில் ஒரு பங்கு வென்ட் பக்கம் திரும்பினாலே கதை மாறிவிடும்.

இங்கேதான் பெரும்பாலான வென்ட்கள் தோற்கின்றன. வென்ட்டின் முன்விளிம்பை மட்டும் உயர்த்திவிட்டு, பின்விளிம்பைப் பானெட்டோடு சமமாக விட்டுவிடுகிறார்கள். ஓடும்போது காற்று தண்ணீரைப் பின்னோக்கித் தள்ளுவதால் முன்விளிம்பு உதவும், உண்மைதான். ஆனால் நிற்கும் வண்டியில் பானெட்டின் சரிவு முன்பக்கம் நோக்கி இருக்கிறது. கண்ணாடிப் பக்கமிருந்து வரும் தண்ணீர் முழுக்கப் பின்விளிம்பைத் தாண்டி உள்ளே இறங்கும். இரவு முழுக்க மழையில் நிற்கும் வண்டிக்குத்தான் ஆபத்து அதிகம். கண்ணாடிப் பக்க விளிம்பிலும் இரு பக்கவாட்டிலும் 8 முதல் 10 மி.மீ. உயரத்துக்கு வரப்பு கட்டாயம் வேண்டும். டிங்கரிங் பட்டறையில் துளை வெட்டுவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். பெயின்ட் அடித்த பிறகு சேர்க்க முடியாது. வெட்டிய ஓரத்தில் பிரைமர் இல்லாவிட்டால் அடுத்த மழைக்காலத்தில் துரு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

இடத்தேர்வும் அப்படித்தான். காற்றழுத்தம் குறைவாக இருப்பது பானெட்டின் முன்பகுதியிலிருந்து நடுப்பகுதி வரை. அங்கே வைத்த வென்ட், வண்டி ஓடும்போது சூட்டை வெளியே தள்ளும். சொட்டுகளும் எளிதில் நுழையாது. வைப்பர் பக்கம், கண்ணாடியின் அடிவாரத்தில் அழுத்தம் அதிகம். அங்கே வெட்டினால் காற்று உள்ளேதான் வரும், தண்ணீரையும் கூட்டிக்கொண்டு.

தட்டு வைப்பதிலும் தவறலாம்

வென்ட்டுக்குக் கீழே தண்ணீரைப் பிடிக்கும் தட்டு ஒன்று வேண்டும். பலர் அதை வென்ட்டை ஒட்டியே முடுக்கிவிடுவதால் தண்ணீரும் நிற்கிறது, சூடும் நிற்கிறது; வெட்டியதே வீண். வென்ட்டின் பரப்பு 300 சதுர செ.மீ., சுற்றளவு 80 செ.மீ. என்றால், தட்டின் ஓரத்துக்கும் பானெட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி குறைந்தது 4 செ.மீ. இருந்தால்தான் அதே அளவு காற்று வெளியேறும். தட்டு வென்ட்டைவிட எல்லாப் பக்கமும் 2 செ.மீ. பெரிதாகவும், ஓரம் 2 செ.மீ. மேல்நோக்கி மடித்ததாகவும், வடிகால் பக்கம் சற்றுச் சரிந்ததாகவும் இருக்கட்டும். இஞ்சினுக்கு மேலே அவ்வளவு இடம் இருக்கிறதா என்று பார்க்க, களிமண் உருண்டைகளை வைத்து பானெட்டை மெதுவாக மூடித் திறந்தால் நசுங்கிய உயரமே பதில். இஞ்சின் ஆடும் என்பதால் 15 மி.மீ. கூடுதலாக விடுங்கள்.

1 மி.மீ. அலுமினியத் தகடு போதும். பிளாஸ்டிக் தட்டு டர்போ சூட்டில் தொய்ந்துவிடும். நைலான் வளையம் உள்ள நட்டுகளும் வேண்டாம். ஏறக்குறைய 120 டிகிரிக்கு மேல் அவற்றின் பிடி போய்விடும். வடிகாலுக்கு 12 மி.மீ. உள்விட்டமுள்ள சிலிகான் குழாய். தண்ணீரின் அளவுக்கு அதில் பாதியே போதும்தான், ஆனால் வேப்பிலையும் புழுதியும் சேர்ந்தால் 6 மி.மீ. குழாய் அடைத்துக்கொள்ளும். குழாயின் நுனி பெல்ட், ஆல்டர்னேட்டர், டர்போவிலிருந்து புகை இறங்கும் டவுன்பைப் மூன்றுக்கும் விலகி, வண்டிக்கு அடியில் முடிய வேண்டும்.

முடித்ததும் சோதிக்காமல் விடாதீர்கள். இஞ்சின் முழுக்க ஆறிய பிறகு, மேலே பழைய செய்தித்தாளை விரித்து பானெட்டை மூடுங்கள். கண்ணாடி ஓரமாகப் பூவாளியால் 5 லிட்டர் தண்ணீரை ஐந்து நிமிடம் ஊற்றுங்கள். எங்கே நனைந்திருக்கிறது என்று தாளே காட்டும். வண்டியைச் சரிவில் மூக்கு கீழாகவும், ஒருபக்கம் சாய்வாகவும் நிறுத்தி மறுபடியும் ஊற்றுங்கள். சமதளத்தில் தேறிய தட்டு சாய்வில் தோற்பது வழக்கம். தாள்களை எண்ணி வைத்து எண்ணி எடுங்கள்.

சரி, டர்போவுக்கு என்ன ஆகும்?

முழுச்சுமையில் பெட்ரோல் இஞ்சினின் புகை 950 டிகிரியைத் தாண்டும். டீசலில் 750, 800. ஊருக்குள் ஓட்டி நிறுத்திய வண்டியில் டர்போவின் இரும்புக்கூடு அதைவிட வெகு குறைவான சூட்டில்தான் இருக்கும். நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் முத்து முத்தாக ஓடுமே, அதுபோல மிகுந்த சூட்டில் சொட்டுக்கும் இரும்புக்கும் நடுவில் ஆவிப்படலம் வந்து சூடு கடத்தப்படுவதைக் குறைத்துவிடும். சிதறிய சொட்டுகள் பெரிய கேடு செய்யாததற்கு இது ஒரு காரணம்.

கேடு செய்வது ஒரே இடத்தில் ஒழுகும் தாரை. 100 மி.லி. தண்ணீர் முழுதாக ஆவியாக ஏறக்குறைய 255 கிலோஜூல் வெப்பம் வேண்டும். 5 கிலோ இரும்புக்கூட்டிலிருந்து அவ்வளவும் சமமாக எடுக்கப்பட்டால் அதன் சூடு 110 டிகிரி இறங்கும். ஆனால் சமமாக எடுக்கப்படுவதில்லை. தாரை படும் இடம் மட்டும் சுருங்க, சுற்றியுள்ளது விரிந்தே நிற்கும்; அந்த இழுப்பில்தான் விரிசலும், இஞ்சினின் புகையைத் திரட்டி டர்போவுக்கு அனுப்பும் மேனிஃபோல்டின் ஸ்டட் (போல்ட்) முறிவதும். மழையைவிட இதை வேகமாகச் செய்வது ஒன்று உண்டு: நெடுந்தூரம் ஓட்டி வந்த கையோடு வாட்டர் சர்வீஸுக்கு விட்டு, பானெட்டைத் திறந்து பிரஷர் கன்னால் அடிப்பது. குறைந்தது ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள்.

கெடுவது பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர்

பெட்ரோல் இஞ்சினில் தண்ணீர் பிளக் குழிகளில் இறங்கும். மிஸ்ஃபயர் வரும் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றாது), செக் இஞ்சின் விளக்கு மினுக்கும். அந்த நிலையில் ஓட்டினால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதை உருக்கிவிடும். காயில் ஒன்றின் விலையில் முடிய வேண்டியது பல மடங்காகும். இஞ்சின் ஆறியதும் காயிலைக் கழற்றி, பிளக்கைத் தொடுவதற்கு முன்பே குழியை ஏர் அடித்துக் காயவையுங்கள்; முதலில் பிளக்கைக் கழற்றினால் அந்தத் தண்ணீரும் மண்ணும் சிலிண்டருக்குள் போகும். திரும்பப் போடும்போது காயில் ரப்பரின் உள்வாயில் மின்சாரம் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸ் மெல்லிய வளையமாகப் பூசினால் போதும். டீசலில் உடனே ஒன்றும் தெரியாது. இன்ஜெக்டரைச் சுற்றித் தண்ணீர் தேங்கித் தேங்கித் துரு ஏறி, கழற்ற வேண்டிய நாளில்தான் வெளியே வரும்.

டவுன்பைப்பில் சூட்டைத் தடுக்கும் துணிநாடா சுற்றியிருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அது தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு சாதாரண இரும்புக் குழாயை உள்ளுக்குள்ளேயே அரிக்கும். எண்ணெய் உறிஞ்சிய நாடா தீப்பிடிக்கும். வென்ட்டுக்குக் கீழே உலோகக் கவசமே நல்லது.

பெட்டியில்லாத கோன் ஃபில்டர் (கூம்பு வடிவக் காற்று வடிகட்டி) வென்ட்டுக்குக் கீழே இருக்கவே கூடாது. நனைந்த ஃபில்டர் இஞ்சினை மூச்சுத்திணற வைக்கும், காற்றளவு சென்சார் தவறாகப் படிக்கும். தண்ணீர் சிலிண்டருக்குள் போய் கனெக்டிங் ராடு வளைந்தால், இஞ்சின் பாதுகாப்புக்கெனத் தனியாகக் கட்டாத சாதாரணக் காப்பீட்டில் பொதுவாகப் பணம் வராது.

மழை வருகிறதென்று ஓடிப்போய்ச் சூடான வண்டியின் வென்ட்டை பாலித்தீன் தாளால் மூடுவதும் தவறு. உருகி உள்ளே சொட்டும். ஆறிய பிறகு காந்தத் தாள் ஒட்டலாம். அலுமினியம், ஃபைபர் பானெட்டில் அது ஒட்டாது.

வெள்ளைப் புகை வந்தால்

மழையில் நிறுத்தியதும் வென்ட்டிலிருந்து எழும் வெண்மையான, வாசனையற்ற ஆவி சில நிமிடங்களில் அடங்கினால் கவலை வேண்டாம். இனிப்பு வாசனை இருந்தால் கூலன்ட் கசிவு; ஆறிய பிறகு டேங்க்கில் அளவைப் பாருங்கள், சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். நீலம் கலந்து தொண்டையைக் கரகரக்க வைத்தால் எண்ணெய். காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக்டிக்கென்று சத்தம் வந்து, சூடானதும் அடங்கி, மேனிஃபோல்டு இணைப்பில் கரி படிந்திருந்தால் புகை கசிகிறது என்று அர்த்தம். டர்போவைக் கழற்றும்போது மிகுதிப் புகையை டர்போ சக்கரத்தில் படாமல் வெளியே விடும் வேஸ்ட்கேட் துளையின் ஓரத்தில் மயிரிழை விரிசல் தெரிந்தால் மழைமேல் பழி போட வேண்டாம். பல ஆயிரம் முறை சூடேறி ஆறியதில் வருவது அது; துளையே இல்லாத பானெட்டுக்குக் கீழேயும் வரும்.