லேன் கேபிளை உருவிட்டு வைஃபைக்கு மாறுறது எப்படி?

ஹால்ல பைபர் மோடம், அங்கேருந்து நிலைப்படி ஓரமா ரூமுக்கு ஓடுற லேன் கேபிள், கதவை முழுசா சாத்தவும் முடியாது, மீட்டிங் நடக்கும்போது யாராவது கால்ல இழுத்துவிட்டா நெட் போச்சு. இந்தத் தொல்லையே வேண்டாம்னு என் ரூமை முழுசா வைஃபைக்கு மாத்தியாச்சு. செஞ்ச வரிசையிலயே சொல்றேன்.

1. கேபிளைப் புடுங்குறதுக்கு முன்னாடி

லேப்டாப்காரங்க இதைத் தாண்டிப் போலாம். டெஸ்க்டாப்னா யூஎஸ்பி வைஃபை அடாப்டர் வேணும், அதோட டிரைவரை இப்பவே டவுன்லோட் பண்ணி வச்சிருங்க, அப்புறம் நெட் இல்லாம டிரைவர் தேடுறது பெரிய கூத்து. நகம் சைஸ்ல விக்கிற குட்டி அடாப்டர் எனக்குப் புடிக்காது, சிபியூ பின்னாடி சொருகினா இரும்பு கேபினட்டே சிக்னலை மறைச்சிரும். ஆன்டெனா வச்ச டூயல் பேண்ட் (2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ் ரெண்டு வைஃபையும் புடிக்கிறது) அடாப்டர் வாங்கி, எக்ஸ்டென்ஷன் வயர்ல மேஜை மேல கொண்டு வந்து வைங்க.

2. ரவுட்டர்

கம்பெனி மோடத்துலயே 5 ஜிகாஹெர்ட்ஸ் இருந்து ரூம் வரைக்கும் நல்லா வந்தா செலவே வேண்டாம், நேரா 4க்குப் போங்க. இல்லன்னா தனி ரவுட்டர் வாங்கி உயரமா வைங்க. பீரோ, ஃபிரிட்ஜ், டிவி பின்னாடி மட்டும் வேண்டாம்.

3. எல்லாரும் மாட்டுற இடம்

புது ரவுட்டரை மோடத்தோட அப்படியே சேர்த்தா நெட் வரும், ஆனா ரெண்டு பெட்டியும் தனித்தனியா ஐபி (நெட்வொர்க்ல ஒவ்வொரு டிவைஸுக்கும் இருக்கிற நம்பர் அட்ரஸ்) குடுக்க ஆரம்பிச்சிரும், மோடம் வைஃபைல இருக்கிற ப்ரிண்டர் ரவுட்டர்ல இருக்கிற கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ரெண்டுமே 192.168.1.1னு இருந்தா இன்னும் குழப்பம்.

ரவுட்டர் செட்டிங்ஸ்ல ஆக்சஸ் பாயின்ட் மோட் (ஐபி குடுக்காம வைஃபை மட்டும் பரப்புறது) இருந்தா அதைப் போட்டு விடுங்க, முடிஞ்சது. போட்டப்புறம் பழைய அட்ரஸ்ல ரவுட்டர் பேஜ் திறக்கலன்னா கெட்டுப்போச்சுன்னு ரீசெட் அடிச்சிராதீங்க, இனிமே அதுக்கும் மோடம்தான் ஐபி குடுக்கும், மோடம் பேஜ்ல டிவைஸ் லிஸ்ட்ல புது அட்ரஸ் இருக்கும்.

அந்த மோடே இல்லாத பழைய ரவுட்டரா? உருவப்போற அதே லேன் கேபிள்ல கம்ப்யூட்டரையும் ரவுட்டரையும் மட்டும் சேருங்க, மோடம் இப்போ வேண்டாம். மோடம் 192.168.1.1னா, முதல்ல ரவுட்டரோட லேன் ஐபியை 192.168.1.2 ஆக்கிட்டு, புது அட்ரஸ்ல திரும்ப லாகின் பண்ணி, அப்புறம்தான் டிஹெச்சிபியை (தானா ஐபி குடுக்குற வசதி) ஆஃப் பண்ணணும். வரிசையை மாத்தினா உள்ளயே போக முடியாம நிப்பீங்க. கடைசியா மோடத்துலேருந்து வர்ற வயரை ரவுட்டர்ல லேன் போர்ட்ல சொருகுங்க, வான் போர்ட்ல இல்ல. மோடத்தோட வைஃபையை ஆஃப் பண்ணிரலாம்.

4. பேண்டும் சேனலும்

2.4க்கும் 5க்கும் தனித்தனி பேர் வைங்க. வேலை கம்ப்யூட்டர் 5ல, மத்ததெல்லாம் 2.4ல. 5 வேகமானது ஆனா சுவரு தாண்டினா சட்டுனு தளர்ந்துரும், ஒரு செங்கல் சுவருன்னா பரவால்ல. அபார்ட்மென்ட்ல 2.4ன்னா சேனல் 1, 6, 11ல எது காலியோ அது, சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ்.

5. டெஸ்ட்

ஸ்பீட் டெஸ்ட்டை நான் நம்புறதில்ல. விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்ட்ல பிங் அடிச்சு, மோடம் ஐபி போட்டு, கடைசில மைனஸ் டி சேர்த்து (ping 192.168.1.1 -t மாதிரி) ஓடவிட்டு ஒரு வீடியோ கால் பேசுங்க. மோடத்துலேருந்து பதில் வர்ற நேரம் சில மில்லிசெகண்ட்லயே நின்னா வைஃபை சரி, அதுக்கப்புறமும் கால் திக்குனா கம்பெனிக்குப் போன் போடுங்க. நடுநடுவுல நூறு, இருநூறுன்னு எகிறினா ரவுட்டர் இடத்தை மாத்துங்க.

பின்னாடி சேர்த்தது: ப்ரிண்டர் சேரலன்னு பல பேர் கேட்டீங்க. பழைய ப்ரிண்டர் பெரும்பாலும் 2.4 மட்டும்தான் புடிக்கும், ரவுட்டர்ல வைஃபை பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ3 மட்டும்னு வச்சிருந்தா உள்ள வராது, டபிள்யூபிஏ2க்கு மாத்திப் பாருங்க. கெஸ்ட் நெட்வொர்க்ல சேர்த்திருந்தா கம்ப்யூட்டருக்குத் தெரியாது, மெயின்ல சேருங்க. கரன்ட் போனா என்னன்னு கேட்டவங்களுக்கு: மினி யூபிஎஸ் போதும், ஆனா மோடம், ரவுட்டர் ரெண்டு அடாப்டர்லயும் எத்தனை வோல்ட்னு படிச்சிட்டு வாங்குங்க, ஒண்ணு 12, இன்னொண்ணு 9ன்னு இருக்கலாம்.