ஹவாய் மொழியில் அரசுப் படிவம்: ஓகினாவைத் தொலைக்காமல் அச்சுக்கு அனுப்புவது எப்படி

ஹொனலுலுவில் ஓர் அலுவலகத்துக்கு இருமொழிப் படிவம் வடிவமைத்துக் கொடுத்தேன். அச்சாகி வந்த பிறகுதான் கவனித்தேன், ‘என்னுடைய’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘உன்னுடைய’ என்று இருந்தது. ஹவாய் மொழியில் கொʻஉ என்றால் என்னுடைய, கொஉ என்றால் உன்னுடைய. நடுவில் இருந்த அந்தச் சின்னக் குறி விழுந்துவிட்டது. கட்டுக்கட்டாக எல்லாவற்றையும் மறுபடி அச்சடித்தோம். அந்த நிலைமை உங்களுக்கு வரக்கூடாது.

அந்தக் குறிதான் ஓகினா. தொண்டையில் மூச்சை ஒரு கணம் நிறுத்தும் மெய்யெழுத்து அது. உயிரெழுத்தின் மேல் போடும் கோடு கஹகோ, நம் நெடில் மாதிரி. ‘பால்’ என்பதில் காலை எடுத்தால் ‘பல்’ ஆகிவிடுகிறதே, அங்கேயும் அப்படித்தான்.

முதலில் சட்டம். 1978 அரசியலமைப்பு மாநாட்டுக்குப் பிறகு ஆங்கிலத்தோடு ஹவாய் மொழியும் மாநில ஆட்சிமொழி. ஆனால் சட்டம் சொல்லும் இடத்தில் மட்டுமே அது கட்டாயம். ஒரு சட்டத்தின் இரு வடிவங்களும் ஒத்துப்போகாவிட்டால் ஆங்கில வடிவமே செல்லும். 2013 ஜனவரி 1 முதல், அரசுக் கடிதத்தாள்களில் வரும் ஹவாய் பெயர்கள் சரியான குறிகளோடு இருக்க வேண்டும். பிழை இருந்தால் ஆவணம் செல்லாமல் போகாது. அதற்காக அலட்சியமாக விடாதீர்கள், 1896-ல் பள்ளிகளிலிருந்து தள்ளிவைக்கப்பட்ட மொழி இது.

அடுத்தது விசைப்பலகை. விண்டோஸ், மேக் இரண்டிலும் ஹவாய் விசைப்பலகை உண்டு, அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கிருந்தோ குறியை நகலெடுத்து ஒட்டும் பழக்கம் வேண்டாம்.

நான் வழுக்கியது இதற்கடுத்த இடத்தில். ஓகினாவுக்குப் பதில் ஒற்றை மேற்கோள்குறியைத் தட்டியிருந்தேன். வேர்ட் அதைத் தானாகவே வளைத்துவிடும். சொல்லின் தொடக்கத்தில் 6 போல வளைவதால் சரியாகவே தெரியும். நடுவில் வந்தால் 9 போலத் திரும்பிவிடும். அசிங்கமாக இருப்பது மட்டுமில்லை, மென்பொருளுக்கு அது எழுத்தே இல்லை, நிறுத்தக்குறி. என் படிவம் தரவுத்தளம் வழியாகப் போனபோது அது எல்லா நிறுத்தக்குறிகளையும் கழித்துவிட்டது. ‘என்னுடைய’ ‘உன்னுடைய’ ஆனது அப்படித்தான். யுனிகோடில் (கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் முறை) உண்மையான ஓகினாவின் எண் 699; வேர்ட் அதைப் பதினாறடிமான வடிவில் 02BB என்று காட்டும். சோதிக்க, விண்டோஸ் வேர்டில் அந்தக் குறியை மட்டும் தேர்ந்தெடுத்து ஆல்ட்டும் எக்ஸும் சேர்த்து அழுத்துங்கள். வரும் குறியீடு 02 என்று தொடங்கினால் ஓகினா. 20 அல்லது 00 என்று தொடங்கினால் மேற்கோள்குறி, மாற்றிவிடுங்கள். பார்த்ததும் அன்டூ செய்ய மறக்க வேண்டாம்.

எழுத்துருவுக்கு நோட்டோ அல்லது ஜென்டியம் போதும். அலங்கார எழுத்துருக்கள் பலவற்றில் ஓகினா இருக்கும் இடத்தில் கட்டம்தான் வரும். பழைய கோப்புகளில் உயிரெழுத்துக்கு மேல் கோட்டுக்குப் பதில் இரண்டு புள்ளி தெரிந்தால், அது யுனிகோடுக்கு முந்தைய எழுத்துரு. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் உள்ள கோப்புகளோடு மல்லாடியவர்களுக்கு விளக்கவே வேண்டாம். மாற்றிய பிறகு வரிவரியாகப் படியுங்கள்.

சொற்களுக்கு புகுயி–எல்பர்ட் அகராதியைத்தான் நம்புகிறேன். மொழிபெயர்ப்பை இயந்திரத்திடம் விடாதீர்கள், மொழி தெரிந்தவருக்குக் காசு கொடுத்துச் செய்யுங்கள். ஆனால் ஆட்களின் பெயரில் நீங்களாகக் குறி சேர்க்காதீர்கள். குறியில்லாமலே தலைமுறைகளாக எழுதிவரும் குடும்பங்கள் உண்டு; அவரிடமே கேளுங்கள். சட்டங்களில் வரும் பெயர்களும் அப்படியே: 1959-ல் ஹவாயை மாநிலமாக்கிய சட்டத்தில் ‘ஹவாய்’ என்ற பெயரில் ஓகினா இல்லை. அதிலிருந்து மேற்கோள் எடுத்தால் உள்ளபடியே விடுங்கள்.

பின்சேர்க்கை: எல்லாம் சரியாக இருந்தும் பிடிஎஃபில் தேடினால் சொல் கிடைக்கவில்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் கோப்பில் கஹகோ தனிக் கோடாக (எண் 772) உயிரெழுத்தோடு ஒட்டியிருந்தது. நெடில் ‘ஆ’வுக்கு 257 என்ற ஒரே எழுத்து இருக்கிறது. அப்படி மாற்றியதும் தேடல் வேலை செய்தது.